பாதியில் எழுந்து போனவன்

2010 நவம்பர் 26, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், டஸ்கலூசா என்கிற ஊரில், பிரையன்ட்-டென்னி மைதானத்தின் மாணவர் பகுதியில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் பல்கலைக்கழக அணி அலபாமா 24, எதிரணி ஆபர்ன் 0. நான் படிக்க வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஹெல்மெட் போட்டுக்கொண்டு மோதும் இந்த ஃபுட்பாலின் விதிகள் பாதிதான் புரியும். ஆனால் 24-0 என்றால் என்ன என்பது புரியாமல் போகுமா? இடைவேளைக்குச் சற்று முன்னால் ஆபர்ன் ஒரு டச்டவுன் போட்டது. 24-7. சரி, போகட்டும், ஆறுதல் பரிசு என்று நினைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டிய அசைன்மென்ட் இருந்தது. பசி வேறு. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்து வீட்டுக்கு நடந்தேன்.

ஹவுஸ் ஓனர் திண்ணையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். டயர் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டின் பின்பகுதியை எனக்கு வாடகைக்கு விட்டிருந்தார். டிவி உள்ளே ஓடிக்கொண்டிருக்கும், ஒலியை அடைத்துவிட்டு வர்ணனையை மட்டும் ரேடியோவில் கேட்பார். என்னைப் பார்த்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஆட்டம் முடிஞ்சுதா?"

"இல்லை சார். ஆனா ஜெயிச்சுட்டோம்."

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பெரியவர்களை 'சார்' என்றுதான் கூப்பிட வேண்டும். அங்கே எனக்குச் சிரமமே தராத ஒரே பழக்கம் அதுதான். அவர் பதில் சொல்லவில்லை. ரேடியோவின் சத்தத்தை மட்டும் கூட்டி வைத்தார். நான் படியில் உட்கார்ந்தேன். அடுத்த ஒன்றரை மணி நேரம் அந்த ரேடியோவிலிருந்து கேட்டதெல்லாம் இழவுச் செய்திதான். ஆபர்ன் 28, அலபாமா 27.

"நீ எழுந்து வந்ததாலதான் தோத்தோம்னு சொல்ல மாட்டேன்" என்றார். கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துவிட்டு, "ஆனா நீ அங்கே இல்லை" என்றார்.

அந்த வாக்கியத்தை மூன்று வருடம் கழித்து வேறொருவர் வாயிலிருந்து கேட்டேன். அவர் அலபாமாவின் கோச் நிக் சேபன். அதற்கு முன்னால் ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அலபாமா மாநிலத்தில் என்எஃப்எல் என்கிற தொழில்முறை ஃபுட்பால் லீக்கின் அணி கிடையாது. பேஸ்பால், பேஸ்கட்பால் என்று எதிலும் பெரிய லீக் அணி கிடையாது. இருக்கிற வெறி அத்தனையும் இரண்டு பல்கலைக்கழகங்களின் ஃபுட்பால் அணிகளுக்குப் போகிறது. டஸ்கலூசாவில் அலபாமா, கிழக்கே ஆபர்ன். 2010 கணக்கெடுப்பின்படி டஸ்கலூசாவின் மக்கள்தொகை 90,468. அதே ஆண்டு விரிவாக்கி முடித்த மைதானத்தில் அப்போது 1,01,821 பேர் உட்கார முடிந்தது. ஊரையே கொண்டுபோய் உள்ளே வைத்தாலும் பத்தாயிரம் இடம் மிச்சமிருந்திருக்கும். ஆடுகிறவர்கள் என்னவோ பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வயதுப் பையன்கள். மூன்று நான்கு வருடத்தில் போய்விடுவார்கள். வருடாவருடம் முகங்கள் மாறும். மாறாமல் நிற்கிற ஒரே முகம் கோச் முகம். ரசிகர்களின் அன்பும் ஆத்திரமும் அதனால்தான் அவரிடமே போய்ச் சேருகின்றன.

எங்கள் ஹவுஸ் ஓனர் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு நாள்கூடப் படித்ததில்லை. இப்படிப்பட்டவர்களை அங்கே 'நடைபாதைப் பட்டதாரிகள்' என்று கேலியாகச் சொல்வார்கள். வகுப்பறைக்குள் போனதில்லை, வெளியே நடைபாதையில் நின்றே பட்டம் வாங்கியவர்கள். உண்மையில் அந்த அணியைத் தாங்குவதே இவர்கள்தான். அவருடைய வீட்டுக் கூடத்தில் இரண்டு படங்கள். ஒன்று ஏசு. இன்னொன்று கட்டம் போட்ட தொப்பியுடன் 'கரடி' பிரையன்ட்.

பால் பிரையன்ட் 1958 முதல் 1982 வரை இருபத்தைந்து பருவங்கள் அலபாமாவின் கோச். இளம் வயதில் ஒரு கரடியோடு மல்லுக்கட்டியதால் வந்த பட்டப்பெயர். ஆறு தேசியப் பட்டங்கள், ஓய்வு பெற்றபோது மொத்தம் 323 வெற்றிகள். வேலையை விட்டால் செத்துப்போவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், கடைசி ஆட்டம் முடிந்த 28-ஆம் நாள் இறந்துபோனார். 1983 ஜனவரியில் டஸ்கலூசாவிலிருந்து பர்மிங்காம் இடுகாடு வரை நெடுஞ்சாலையின் இருபுறமும் மக்கள் நின்றார்கள். மேம்பாலங்களில் நின்றார்கள். லாரி ஓட்டுநர்கள் வண்டியை ஓரங்கட்டி இறங்கித் தொப்பியைக் கழற்றினார்கள். ஹவுஸ் ஓனர் அன்று ஷிஃப்டுக்குப் போகாமல் ஒரு மேம்பாலத்தில் நின்றவர். "எங்கப்பா செத்தப்போகூட நான் அப்படி அழலை" என்று ஒருமுறை சொன்னார். மிகைதான். ஆனால் மதுரைக்காரனான எனக்கு அது புதிதாக இல்லை. 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். இறந்தபோது எங்கள் தெரு எப்படி இருந்தது என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

பிரையன்டுக்குப் பிறகு வந்தவர்கள் பாவம். பில் கரி என்பவர் 1987-ல் கோச் ஆனார். அவர் எதிரிக் கல்லூரியான ஜார்ஜியா டெக்கில் படித்து, அங்கேயே கோச்சாகவும் இருந்தவர். ரசிகர்களுக்கு அது ஒன்றே போதும். 1988-ல் சொந்த மைதானத்தில் மிசிசிப்பியிடம் தோற்றபோது யாரோ அவருடைய அலுவலக ஜன்னலுக்குள் செங்கல்லை எறிந்தார்கள். அடுத்த வருடம் பத்து ஆட்டம் ஜெயித்தார். ஆனால் மூன்று வருடமும் ஆபர்னிடம் தோற்றிருந்தார். அதோடு மூட்டையைக் கட்டிக்கொண்டு கென்டக்கிக்குப் போய்விட்டார். 1992-ல் ஜீன் ஸ்டாலிங்ஸ் ஒரு பட்டம் வாங்கித் தந்தார். அவர் போன பிறகு பத்து வருட இருட்டு. ஒருவர் நீக்கப்பட்டார். ஒருவர் டெக்சாஸுக்கு ஓடினார். ஒருவர் ஒரு ஆட்டம்கூட நடத்தாமலே வேலையை இழந்தார். 2006 டிசம்பரில் மேற்கு வர்ஜீனியாவின் ரிச் ராட்ரிகெஸ் 'வரமாட்டேன்' என்று மறுத்துவிட்டார். ஒரு காலத்தில் வரிசையில் நின்று கேட்ட வேலை, இப்போது கூப்பிட்டாலும் ஆள் வராத வேலை.

அந்தச் சமயத்தில்தான் சேபன் வந்தார். ஒரு பொய்யோடு வந்தார் என்பதையும் சொல்லவேண்டும். மயாமி டால்ஃபின்ஸ் என்ற தொழில்முறை அணியில் கோச்சாக இருந்தார். அலபாமா வதந்திகளைப் பற்றிச் செய்தியாளர்கள் குடைந்துகொண்டே இருக்க, 2006 டிசம்பர் 21 அன்று, 'அலபாமாவின் கோச்சாக நான் போகப்போவதில்லை' என்று வெளிப்படையாகச் சொன்னார். இரண்டு வாரம்கூட ஆகவில்லை. 2007 ஜனவரி 3-ஆம் தேதி டஸ்கலூசா விமான நிலையத்தில் இறங்கினார். எட்டு வருடத்துக்கு 3.2 கோடி டாலர். மயாமி ரசிகர்கள் அவர் பெயரில் ஒரு எழுத்தை மாற்றிச் சாத்தான் என்றார்கள். அவர் அதற்கு முன்னால் 2003 பருவத்தில் பட்டம் வாங்கிக் கொடுத்திருந்த லூசியானாவிலும் அதே வசவுதான். டஸ்கலூசாவிலோ விமான நிலைய வேலியைச் சுற்றிக் கூட்டம். ஒரு பெண்மணி பாய்ந்து அவர் கன்னத்தில் முத்தமே கொடுத்துவிட்டார். மனுஷன் முகத்தில் திகைப்பு அப்படியே தெரியும்.

ஏப்ரலில் ஏ-டே என்று ஒன்று வரும். அணி இரண்டாகப் பிரிந்து தங்களுக்குள்ளே ஆடிக்கொள்கிற பயிற்சி ஆட்டம். ஜெயித்தாலும் தோற்றாலும் கணக்கில்லை. 2007 ஏ-டேவுக்கு வந்தவர்கள் 92,138 பேர். மைதானம் நிரம்பி, வெளியே ஆட்களைத் திருப்பி அனுப்பினார்கள். ஹவுஸ் ஓனர் உள்ளே இருந்தார். "பொய் சொல்லிட்டு வந்தவராச்சே சார்" என்று கேட்டேன். "எங்ககிட்ட சொல்லலையே" என்றார். ரசிகர் மனசாட்சி என்பது மாநில எல்லையோடு முடிகிற ஒன்று.

முதல் வருடம் அந்தத் தேனிலவும் கசந்தது. லூசியானா-மன்றோ என்கிற, பெயர்கூட யாருக்கும் தெரியாத அணியிடம் சொந்த மண்ணில் 21-14 என்று தோற்றார். செய்தியாளர்களிடம் விளக்கப்போன சேபன், பேரிழப்பிலிருந்து மக்கள் எப்படி மீண்டார்கள் என்பதற்கு பேர்ல் ஹார்பரையும் செப்டம்பர் 11-ஐயும் உதாரணம் காட்டிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். வேறெங்கும் இதைப் பைத்தியக்காரத்தனம் என்பார்கள். டஸ்கலூசாவில் பலருக்கு அந்த ஒப்பீட்டில் என்ன தப்பு என்றே புரிந்திருக்காது என்பது என் சந்தேகம்.

அப்புறம் நடந்தது வரலாறு. 2009, 2011, 2012, 2015, 2017, 2020 என்று ஆறு தேசியப் பட்டங்கள். லூசியானாவில் வாங்கியதையும் சேர்த்தால் ஏழு. பிரையன்டைவிட ஒன்று கூட.

அவர் இதை எப்படிச் செய்தார் என்பதற்கு ஊரில் ஒரே சொல்தான், 'பிராசஸ்'. மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிப் பகுதியில் அவருடைய அப்பா பெட்ரோல் பங்க் வைத்திருந்தார். பையன் அங்கே வண்டி கழுவ வேண்டும். காய்ந்த பிறகு ஒரு கோடு தெரிந்தாலும் அப்பா மறுபடி முதலிலிருந்து கழுவச் சொல்வார். கறுப்பு வண்டிகளையும் கருநீல வண்டிகளையும் கண்டாலே வெறுப்பு வந்துவிடும் என்று சேபன் பலமுறை சொல்லியிருக்கிறார், அவற்றில்தான் கோடு தெரியும். 1998-ல் மிச்சிகன் ஸ்டேட்டில் கோச்சாக இருந்தபோது முதலிடத்தில் இருந்த ஒஹாயோ ஸ்டேட்டோடு மோத வேண்டியிருந்தது. லயனல் ரோசன் என்ற மனநல மருத்துவரின் யோசனைப்படி பையன்களிடம் சொன்னார்: ஸ்கோர்போர்டைப் பார்க்காதே. ஒரு பிளே, அதாவது பந்து கிளம்பி நிற்கும் வரையான ஒரு துண்டு ஆட்டம், சராசரியாக ஏழு நொடி. அந்த ஏழு நொடியில் உன் எதிரே நிற்பவனை மட்டும் பார். முடிந்ததா, மறந்துவிடு, அடுத்த ஏழு நொடி. 28-24 என்று ஜெயித்தார்கள். அதிலிருந்து அதுவே அவருடைய மதம்.

இங்கேதான் எனக்கு ஒரு சிக்கல். ஆடுகிறவனிடம் ஸ்கோரைப் பார்க்காதே என்று சொல்லலாம். அவனுக்கு வேறு வேலை இருக்கிறது. ரசிகனுக்கு என்ன இருக்கிறது? அவன் பயிற்சிக்கு வருவதில்லை, அடி வாங்குவதில்லை. அவன் கையில் இருப்பது ஸ்கோர்போர்டு ஒன்றுதான். சேபனோ, களத்தில் எண்பத்தைந்து பேருக்குச் சொன்னதையே கேலரியில் இருந்த ஒரு லட்சம் பேருக்கும் சொன்னார். பதினேழு வருடம் சொன்னார். ஒரு லட்சம் பேரும் அவருடைய அணியில் இருப்பதாகவே நடத்தினார். ஒரு கோச் ரசிகனுக்குத் தரக்கூடிய பெரிய மரியாதை அதுவாக இருக்கலாம். பெரிய தொல்லையும் அதுதான்.

2011 ஏப்ரல் 16, ஏ-டே. தேசியப் பட்டம் வென்ற கோச்சுகளுக்கு மைதான வாசலில் வெண்கலச் சிலை வைப்பது அங்கே வழக்கம். வேட், தாமஸ், பிரையன்ட், ஸ்டாலிங்ஸ் வரிசையில் ஐந்தாவதாக சேபன் சிலையைத் திறந்தார்கள். உயிரோடு, வேலையில் இருக்கும்போதே சிலை. தினமும் தன் சிலையைத் தாண்டி வேலைக்குப் போகிற மனிதனுக்கு எப்படி இருக்கும்?

பதினோரு நாள் கழித்து, ஏப்ரல் 27 மாலை ஐந்தேகால் மணி வாக்கில், டொர்னடோ என்கிற சுழற்காற்று ஊரின் குறுக்கே போனது. நானும் ஹவுஸ் ஓனரும் அவருடைய குளியலறைத் தொட்டிக்குள் மெத்தையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ரயில் வருவது போலச் சத்தம் கேட்கும் என்பார்கள். சரியாகத்தான் சொல்கிறார்கள். எங்கள் தெரு தப்பித்தது. ஒரு மைல் தள்ளி பதினைந்தாவது தெருவில் கடைகளே இல்லை, தரைதான் இருந்தது. டஸ்கலூசாவிலும் பர்மிங்காம் வரைக்கும் அது போன வழியிலுமாக 64 பேர் இறந்தார்கள். அதில் ஆறு பேர் எங்கள் பல்கலைக்கழக மாணவர்கள். தேர்வுகளை ரத்து செய்தார்கள். அணியில் ஒரு பையன் தன் காதலியை இழந்தான்.

சேபன் நிவாரண முகாம்களில் சுற்றினார். சாப்பாடு பரிமாறினார், வீடிழந்தவர்களோடு நின்று பேசினார். அவரும் மனைவி டெர்ரியும் நடத்தும் அறக்கட்டளை, வீடில்லாதவர்களுக்கு வீடு கட்டித் தரும் ஹேபிடாட் அமைப்போடு சேர்ந்து 13 வீடுகள் கட்டித் தருவதாக அறிவித்தது. 2009-ல் வாங்கியது அலபாமாவின் பதின்மூன்றாவது பட்டம், அதனால் பதின்மூன்று. அடுத்த ஜனவரியில் பதினான்காவது பட்டம் வந்தது, வீட்டுக் கணக்கும் பதினான்கு ஆனது. அப்புறம் ஒவ்வொரு பட்டத்துக்கும் ஒரு வீடு. அந்தச் சமயத்தில் அவரைச் சகமனிதராகப் பார்த்தேன். அதே வருடம் ரசிகர்களின் இன்னொரு முகமும் தெரிந்தது. நான் பாதியில் எழுந்துபோன அந்த ஆபர்ன் ஆட்டத்தின் கோபத்தில், ஒரு அலபாமா ரசிகர் ஆபர்னின் புகழ்பெற்ற ஓக் மரங்களுக்கு விஷம் வைத்திருந்தார். அவரே ரேடியோ நிகழ்ச்சிக்கு ஃபோன் போட்டுப் பெருமையாகச் சொன்னார். அவர் சிறைக்குப் போனார், மரங்களை 2013-ல் வெட்டினார்கள். எதிரிகூட இல்லை, மரம்! ஹவுஸ் ஓனர் அந்தச் செய்தி வரும்போதெல்லாம் ரேடியோவை அணைத்துவிடுவார்.

2013-க்கு வருகிறேன். தொடர்ந்து இரண்டு பட்டம் வாங்கியாயிற்று. அக்டோபர் 19 அன்று ஆர்கன்சாவை 52-0 என்று நசுக்கினார்கள். கடைசிக் கட்டத்தில் மாணவர் பகுதி பாதி காலி. சேபன் பேசினார். நான் என் பையன்களிடம் அறுபது நிமிடமும் ஆடு என்று சொல்கிறேன், வேறு வேலை இருப்பவர்கள் அந்த டிக்கெட்டை ஆசையோடு வரக்கூடிய யாருக்காவது கொடுத்துவிடலாமே என்கிற பொருளில். நான் ஆய்வகத்தில் உட்கார்ந்து கேட்டேன். 'ஆனா நீ அங்கே இல்லை.'

மாணவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. ஆட்டக் கடிகாரத்தில்தான் அறுபது நிமிடம், நிஜத்தில் மூன்றரை மணி நேரம். ஆளுக்கொரு விளம்பர இடைவேளை என்கிற கணக்கில் டிவிக்காக நிறுத்துவார்கள். செப்டம்பர் வெயிலில் அலுமினிய பெஞ்சு தோசைக்கல். காசு கொடுத்து அழைத்துவந்த ஒரு சின்ன அணியை இடைவேளைக்குள் நாற்பது புள்ளியில் முந்திவிட்டால், அதற்குப் பிறகு பார்க்க என்ன இருக்கிறது? அந்த அலுப்பை உண்டாக்கியவரே சேபன்தான். அவர் தன் வேலையை எவ்வளவு கச்சிதமாகச் செய்தாரோ அவ்வளவு சீக்கிரம் எங்கள் வேலை முடிந்துபோனது. இருட்டுப் பத்து வருடத்தைப் பார்த்த ஹவுஸ் ஓனர் வயதுக்காரர்கள் கடைசி நொடி வரை உட்கார்ந்திருந்தார்கள். 2009-க்கு அப்புறம் வந்த பிள்ளைகளுக்குத் தோல்வி என்றால் என்னவென்று தெரியாது. தெரியாததற்கு எப்படிப் பயப்படுவது?

அந்த நவம்பரிலேயே டெர்ரி சேபன் ஒரு பேட்டியில், ரசிகர்கள் வெற்றிக்குப் பழகிக் கெட்டுவிட்டார்கள், நன்றி குறைந்துவிட்டது என்கிற மாதிரிச் சொன்னார். ஊரில் அவரை 'மிஸ் டெர்ரி' என்பார்கள். தென்மாநிலத்தில் மதிப்புக்குரிய பெண்களை அப்படித்தான் கூப்பிடுவது, நம்மூரில் பெயரோடு அம்மா சேர்ப்பது போல. மிஸ் டெர்ரி சொன்னால் அது வீட்டுக்குள் பேசிக்கொண்டது என்று அர்த்தம். டெக்சாஸ் பல்கலைக்கழகம் சேபனை இழுக்கப் பார்க்கிறது என்ற வதந்தி வேறு. ஊருக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. அவர் குடியிருந்த வீட்டை ரசிகர்களின் நன்கொடையில் ஓடும் ஓர் அறக்கட்டளை 31 லட்சம் டாலருக்கு வாங்கி, அவரை அதிலேயே குடியிருக்க விட்டிருக்கிறது என்ற செய்தி பிற்பாடு வெளிவந்தது. கோச்சைக் கட்டிப்போட வீட்டையே வாங்கிப்போடுகிற ஊர்!

நவம்பர் 30. மறுபடி ஆபர்ன், இந்த முறை அவர்கள் மைதானத்தில். ஹவுஸ் ஓனர் வீட்டில் வழக்கம் போல ஊமை டிவி, பேசும் ரேடியோ. 28-28. நேரம் முடிந்துவிட்டது என்றார்கள். சேபன் நடுவரிடம் வாதாடி, இன்னும் ஒரு நொடி இருக்கிறது என்று அந்த நொடியைத் திரும்ப வாங்கினார். அந்த ஒரு நொடியில் 57 கெஜத்திலிருந்து ஒரு ஃபீல்டு கோல் முயற்சி, அதாவது பந்தை உதைத்து கோல் கம்பங்களுக்கு நடுவே அனுப்பப் பார்ப்பது. பந்து தூரம் போதாமல் விழ, கோல் கம்பத்துக்கு அடியில் நின்ற ஆபர்னின் கிறிஸ் டேவிஸ் அதைப் பிடித்து மைதானத்தின் மறுமுனை வரை ஓடினார். 34-28. தான் கேட்டு வாங்கிய நொடியிலேயே தோற்றார். ஹவுஸ் ஓனர் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தார்.

அதற்கு முன்னால் அதே ஆட்டத்தில் கேட் ஃபாஸ்டர் என்ற பையனின் மூன்று ஃபீல்டு கோல் முயற்சிகள் வீணாகியிருந்தன. அன்றிரவு அவனுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. அனுப்பியவர்கள் ஆபர்ன்காரர்கள் இல்லை. சேபன், ஒரு ஆளால் ஆட்டம் தோற்பதில்லை என்று அவன் பக்கம் நின்றார். 43-வது அதிபராக இருந்த ஜார்ஜ் புஷ், 43 என்ற எண் போட்ட சட்டையில் ஆடிய அந்தப் பையனுக்குத் தன் கையால் ஆறுதல் கடிதம் எழுதினார். மாணவர் பகுதியில் அவனுக்காகக் கத்திய பத்தாயிரம் பேரில் நானும் ஒருவன். அவனை மிரட்டியவர்களும் அங்கே எங்கேயோ என் பக்கத்திலேயே நின்றிருக்கலாம் என்பதை அந்த வாரம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

2016-ல் படிப்பை முடித்து வேறு மாநிலத்துக்கு வேலைக்குப் போனேன். சேபனுக்கும் காலி பெஞ்சுக்குமான சண்டை மட்டும் நான் இல்லாமலே தொடர்ந்தது. 2018-ல் மாணவர் பகுதி மறுபடி நிரம்பவில்லை. முதலிடம் வேண்டுமா என்று கேட்டால் எல்லாரும் கை தூக்குவார்கள், அதற்குச் செய்யவேண்டியதைச் செய்யத் தயாரா என்று கேட்டார். அடுத்த வருடம் நிர்வாகம் ஒரு ஆப் கொண்டுவந்தது. மாணவர்களின் செல்ஃபோன் இருக்குமிடத்தைக் கண்காணிக்கும். ஆட்டத்துக்கு வந்தால் 100 புள்ளி. நான்காவது குவார்ட்டர், அதாவது ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதி வரை இருந்தால் இன்னும் 250. புள்ளி அதிகம் சேர்த்தவர்களுக்குப் பெரிய ஆட்டங்களின் டிக்கெட்டில் முன்னுரிமை. படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தேன். நான் இருந்த காலத்தில் இது வந்திருந்தால் என் கணக்கில் என்ன இருந்திருக்கும்?

அதைவிடப் பெரிய வேடிக்கை 2020-ல். கொரோனாவால் மைதானத்தில் 20 விழுக்காடு ஆட்களுக்குத்தான் அனுமதி. கிட்டத்தட்டக் காலி மைதானம். அந்த வருடம்தான் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல், 13-க்கு 13 ஜெயித்து, ஆறாவது பட்டம். கடைசி வரை உட்காருங்கள் என்று கெஞ்சிய கோச்சுக்கு, கெஞ்ச ஆளே இல்லாத வருடத்தில் குறையே இல்லாத பருவம்.

அந்த வருடத்தில் நடந்த இன்னொன்றுதான் எனக்கு அவர் மீதான மதிப்பைக் கூட்டியது. ஆகஸ்ட் 31 அன்று கறுப்பினத்தவருக்கு நீதி கேட்டு ஆட்டக்காரர்கள் ஊர்வலம் போனார்கள். சேபன் முன்வரிசையில் நடந்தார். ஊர்வலம் போய் நின்ற இடம் ஃபாஸ்டர் அரங்கம். 1963-ல் கறுப்பின மாணவர்களை உள்ளே விடமாட்டேன் என்று ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் வழிமறித்து நின்ற அதே வாசல். அந்த ரசிகர் கூட்டத்தில் இதை ரசிக்காதவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று அவருக்குத் தெரியாதா? ஹவுஸ் ஓனரிடம் ஃபோனில் கேட்டேன். வெள்ளைக்காரர், எழுபது தாண்டியவர், வாலஸ் காலத்தில் வளர்ந்தவர். சிறிது நேரம் பேசவே இல்லை. "கோச் நடந்தா நடக்கணும்" என்றார். அதற்கு மேல் அவரும் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

2021 நவம்பரில் வந்ததுதான் பெரிய வெடிப்பு. வாரம் ஒருமுறை சேபன் ஒரு ரேடியோ நிகழ்ச்சியில் ரசிகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்வார். அந்தப் பருவத்தில் அதுவரை ஒரே ஒரு தோல்வி. ஜெயித்த ஆட்டங்கள் சிலவும் இழுபறி. லூசியானா ஸ்டேட்டை 20-14 என்றுதான் ஜெயித்தார்கள். இன்னும் பெரிதாக ஜெயித்திருக்கலாமே என்று ஊர் முழுக்கப் புலம்பல். அன்று அவர் கொட்டித் தீர்த்தார். நான் இங்கே வந்தபோது ஒரு ஆட்டம் ஜெயித்தாலே சந்தோஷப்பட்டீர்கள், இப்போது ஜெயித்தால்கூடச் சந்தோஷம் இல்லை. இந்தப் பையன்கள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் இல்லை, சம்பளத்துக்கு ஆடவில்லை, உங்களுக்காக ஆடுகிறார்கள். நீங்கள் விரும்புகிற மாதிரி ஜெயிக்காவிட்டால், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. ஏறக்குறைய இதுதான் சாரம். இதைவிடச் சூடாகச் சொன்னார்.

அந்தப் பேச்சைப் பலரும் கைதட்டிப் பகிர்ந்தார்கள். எனக்கு முழுசாகக் கைதட்ட முடியவில்லை. பையன்களைக் காப்பாற்ற நின்றது சரி. ஃபாஸ்டருக்காக நின்ற அதே ஆள்தான். ஆனால் சம்பளம் இல்லை என்றது? அந்த ஜூலையில்தான் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம் என்று விதி மாறியது. தன்னுடைய குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துகிறவர்) பிரைஸ் யங் ஒரு ஆட்டம்கூடத் தொடங்காமலே கிட்டத்தட்ட பத்து லட்சம் டாலரை நெருங்கிவிட்டார் என்று அதே மாதம் மேடையில் சொன்னவர் சேபன்தான். தவிர, சொல்கிற ஆள் மாநிலத்திலேயே அதிகச் சம்பளம் வாங்கும் அரசு ஊழியர். டயர் தொழிற்சாலைக்காரர்கள் டிக்கெட்டும் சட்டையும் வாங்கியே அந்தச் சம்பளமும் வருகிறது. 'ஜெயித்தால் போதும், எப்படி என்று கேட்காதே' என்பதை அவர் சொல்லலாமா? ஒரு கோடு தெரிந்தாலும் வண்டியை மறுபடி கழுவச் சொன்ன அப்பாவின் பிள்ளை அவர். ரசிகர்களும் கழுவிய வண்டியில் கோடு தேடிக்கொண்டுதான் இருந்தார்கள். அந்தப் பாடத்தை யாரிடம் படித்தார்கள்?

ஹவுஸ் ஓனரிடம் இதையும் சொன்னேன். "நீ ரொம்பப் படிச்சுட்டே" என்றார்.

2024 ஜனவரி 10 அன்று சேபன் ஓய்வை அறிவித்தார். வயது 72. அன்று மாலையே சிலையடியில் பூங்கொத்துகள் சேர ஆரம்பித்தன, கூடவே லிட்டில் டெபி ஓட்மீல் கிரீம் பை பாக்கெட்டுகளும். நம்மூர்க் கிரீம் பிஸ்கட்டின் குண்டு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் காலையில் அதில் இரண்டு, அதுதான் அவருடைய காலைச் சாப்பாடு. உயிரோடு இருப்பவருக்குப் படையல். ஹவுஸ் ஓனர் முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அதிகம் நடப்பதில்லை. பேரனைக் காரோட்டச் சொல்லிப் போய்ப் பாக்கெட்டை வைத்துவிட்டு வந்தாராம். ஒரு பெட்டி வாங்கி, வழியில் தான் ஒன்றைத் தின்றுவிட்டதாகவும் சொன்னார்.

இரண்டே நாளில் புது கோச், கேலன் டிபோர், வாஷிங்டனிலிருந்து வந்தார். செப்டம்பரில் மைதானத்தின் தரைக்கு சேபன் பெயரைச் சூட்டினார்கள். அக்டோபர் 5-ஆம் தேதி அலபாமா நாஷ்வில்லுக்குப் போய் வேண்டர்பில்ட்டோடு ஆடியது. வேண்டர்பில்ட் என்றால் காலங்காலமாக எல்லாரும் புள்ளி சேர்த்துக்கொள்கிற அணி. நான் வீட்டில் சமைத்துக்கொண்டே அரைக்கண்ணால் பார்த்தேன். முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். கடைசிக் கட்டத்தில் அலபாமா ஒரு டச்டவுன் போட்டு 40-35 ஆக்கியது. பந்து வேண்டர்பில்ட் கையில், கடிகாரத்தில் மூன்று நிமிடத்துக்கும் குறைவு. அவ்வளவுதான் என்று தெரிந்துவிட்டது. ஹவுஸ் ஓனருக்கு ஃபோன் போட்டேன். நாலாவது ரிங்கில் எடுத்தார். பின்னால் ரேடியோ கத்திக்கொண்டிருந்தது.

"பார்த்தீங்களா சார், வேண்டர்பில்ட்கிட்டே போய்..."

"இன்னும் ரெண்டரை நிமிஷம் இருக்கு" என்றார். "அப்புறம் கூப்பிடு."

வைத்துவிட்டார்.